மைனஸ் ஒன்பதே கால்

சொஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
கண்டெய்னரில் அறுத்தெடுத்த ஜன்னல் என்னுடையது.
வெளிப்பக்கம் நூலில் கட்டிய பேனா தொங்கும்,
குறை எழுத வருகிறவர்களுக்காக.

சூசைமாணிக்கம் வந்தபோது பன்னிரண்டரை தாண்டியிருந்தது.
சாரம் கட்டுகிறவர். வேம்பார்க்காரர்.
ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
"எனக்கு எத்தன நாள் லீவு பாக்கி, மேடம்?" என்றார்.

திரையில் பார்த்தேன்.
மைனஸ் ஒன்பதே கால்.

"உங்களுக்கு பாக்கி இல்லண்ணே.
நீங்கதான் கம்பெனிக்கு."

மாதத்துக்கு இரண்டரை நாள் சேரும் இங்கே எல்லாருக்கும்.
தம்பி செத்த மார்ச்சில்
சேராத நாட்களையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போனார்.
அந்தக் கால் நாள்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.
விமானத்தைப் பிடிக்க
இரண்டு மணிநேரம் முன்னதாகச் சாரத்தை விட்டு இறங்கியது.

"அதுல மூணரை நாள் தப்பு," என்றார்.
"மே மாசம் ஏணி சறுக்கி, கணுக்கால் வீங்கி
கேம்ப்ல கெடந்தேன்.
அதையும் லீவுன்னு போட்டுட்டாங்க."

போட்டது நான்தான்.
மெனேசஸ் சார் சொன்னார், போட்டேன்.

சரி, கழித்துவிடலாம் என்று
மூன்றரையை அடித்துக் கழித்தேன்.
மைனஸ் பன்னிரண்டே முக்கால் என்றது திரை.
நியாயம் கேட்க வந்த மனுஷன்
இன்னும் மூன்றரை நாள் ஆழத்தில்.

பள்ளிக்கூடத்தில் இதற்கென்று ஒரு வரி உண்டு,
மைனஸும் மைனஸும் பிளஸ்.
ஏனென்று யாரும் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.
நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வாங்கினேன்.

அவர் நாளைக் கழிக்கச் சொல்லவில்லை.
குறையைக் கழிக்கச் சொல்கிறார்.
யாரும் எதையும் கொடுக்க வேண்டாம்,
வைத்ததை எடுத்தால் போதும்.
முப்பத்தொரு வயதில், ஏசி ஒழுகும் பெட்டிக்குள்
எனக்கு இது புரிந்தது.

அடைப்புக்குறிக்குள் இன்னொரு மைனஸ் போட்டேன்.
அவரும் பார்க்கட்டும் என்று
காகிதத்திலும் எழுதினேன்.

ஒன்பதே காலில் மூன்றரை.
காலில் அரை போகாது.
"ஒரு நாளை உடைக்கணும்," என்றேன்.
பையிலிருந்து குப்பூஸ் ஒன்றை எடுத்து
ஜன்னல் விளிம்பில் வைத்து
நாலாகக் கிழித்தார்.

இப்போது எட்டு முழுசு, ஐந்து கால்.
ஐந்து காலில் இரண்டு கால் போக முக்கால்.
எட்டில் மூன்று போக ஐந்து.
முன்னால் கிடந்த அந்தச் சின்னக் கோடு
இருந்த இடத்திலேயே இருந்தது.

"இன்னும் மைனஸ்தானா?"
"மைனஸ்தான். அஞ்சே முக்கால்.
செப்டம்பர், அக்டோபர் கழிஞ்சா
முக்கால் நாள் மட்டுந்தான் கீழ இருப்பீங்க."
கழியக் கழியக் கூடுகிற கணக்கு.
அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்,
பல் தெரியச் சிரித்தார்.
பேனா எழுதவில்லை.
உதறி, உதறி, கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் மெனேசஸ் சார் கேட்டார்,
மூன்றரை நாளைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாயே?
கொடுக்கவில்லை சார், எடுத்தேன்.
எதை?
நாம் வைத்ததை.

கொஞ்சநேரம் திரையையே பார்த்தார்.
பிறகு,
சரி, இந்த முக்கால் என்ன அசிங்கமாக,
ஆறு என்று முழுமையாக்கிவிடு.

ஆறுக்கும் ஐந்தே முக்காலுக்கும் நடுவில்
இரண்டு மணிநேரம் இருக்கிறது.
பதினாலு மீட்டர் உயரத்தில்,
கையுறையைத் தாண்டிச் சுடுகிற குழாயைப் பிடித்தபடி
இரண்டு மணிநேரம்.

காதில் விழாததுபோல
அப்படியே சேமித்துவிட்டு எழுந்தேன்.

ஜன்னல் விளிம்பில் குப்பூஸில் ஒரு கால் கிடந்தது.
மறந்தாரா, வைத்துவிட்டுப் போனாரா தெரியவில்லை.
காய்ந்து விறைத்திருந்தது.
தின்றேன்.